அடைக்கோழியும் அதன் பார்ப்பும்

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு எனவும் பிள்ளை எனவும் பெயர் வகுத்த தொல்காப்பிய மரபியல், அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக எடுத்தோதுகின்றது. முற்றத்துப் பேட்டுக்கோழிக்கும் இலக்கணத்தில் ஓரிடம் கிடைத்தமை, முன்னோர் அதனை அணுகியிருந்து நோக்கினர் என்பதற்குச் சான்றாகும். அடைவைத்தலும் குஞ்சு பொரிப்பித்தலும் வளர்த்தலும் நம் வீடுகளில் ஆச்சிமாரின் கைவழக்காக வந்தவை. அவ்வழக்கத்துள் எது காரணங்கொண்டு நிற்பது, எது வெறும் நம்பிக்கையாய் ஒட்டிக்கொண்டது என்பதை ஆராய்ந்தார் சிலரே.

யாழ்ப்பாணத்து வளவுகளில் இத்தொழில் நடைபெறும் முறையை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். முட்டைகள் கோழியின் கீழிருக்கும் நாட்களில் வீட்டார் ஓயாது கைவைப்பர். கோழியைத் தூக்கிப் பார்ப்பர். முட்டையைக் காதோடு வைத்துக் கேட்பர். ஓடு சிறிது வெடித்ததும் நகத்தாற் கிள்ளித் திறப்பர். குஞ்சுகள் வெளிவந்ததும், இனித் தாய் பார்த்துக்கொள்ளும் என்று வேலிப்புறத்தே விட்டுவிடுவர். நடக்கவேண்டியது இதற்கு நேர்மாறாகும். முதல் இருபத்தொரு நாளும் கோழிக்கு மனிதனிடமிருந்து வேண்டுவது மிகச் சொற்பம். அதன்பின் வரும் நான்கு கிழமைகளிலேதான் அது தனித்துச் செய்ய முடியாத காரியங்கள் பல உள. ஊர்க்கோழி வளர்ப்பில் நேரும் இழப்பிற் பெரும்பகுதி கூழ்முட்டையினால் நேர்வதன்று. பொரித்து ஓடித்திரிந்த குஞ்சுகள் முதற் சில கிழமைகளுள் மடிவதனால் நேர்வதே.

ஓர் ஆண்டு மலரில் எழுதுதற்கு இதுவும் ஒரு பொருளோ என வினவுவார் உளராயின் அவர்க்கு ஒன்று கூறுவேன். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், வடபுலத்திற் குடும்பப் பாரத்தைத் தாமே சுமக்க நேர்ந்த பெண்கள் பலருக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. அத்தகைய வீட்டிற் பத்துக் குஞ்சுகளுள் எட்டுத் தேறுவதற்கும் மூன்று தேறுவதற்கும் இடையேயுள்ள வேறுபாடு, பிள்ளையின் கொப்பிக்கும் பேருந்துக்கும் வேண்டிய பணத்தில் தெரியும்.

அடை என்பது யாது? சில நாட்கள் முட்டையிட்ட கோழி ஒருநாள் கூட்டை விட்டெழ மறுக்கின்றது. அணுகினால் இறகைச் சிலிர்த்து உறுமுகின்றது, கையைக் கொத்துகின்றது, அதன் குரல் மாறுகின்றது, கொண்டை வெளிறுகின்றது, மார்பின் கீழ் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தோன்றுகின்றது. அத்தோலிற் குருதிக்குழாய்கள் மிகுந்து, உடலின் சூடு தடையின்றி முட்டைக்குச் செல்ல வழிசெய்கின்றன. இம்மாற்றத்தை நடத்துவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து ஊறும் புரோலக்ரின் என்னும் ஓமோன். அமெரிக்க அறிஞர் ஒஸ்கார் றிடிலும் அவர்தம் துணைவரும் அதனைக் கோழிகளுக்கு ஊசியாற் செலுத்தி அடைக்குணத்தை உண்டாக்கியமையை 1935 இல் வெளியிட்டனர். மார்பின் வெறுந்தோலில் முட்டை படுந்தோறும் ஓமோன் ஊறும். ஓமோன் ஊறுந்தோறும் கோழி முட்டையை நாடும். இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்பதனாலேயே அடைக்கோழி அத்தனை உறுதியுடையதாய்க் காணப்படுகின்றது.

அடைக்கிடக்கும் காலத்திற் கோழி முட்டையிடாது. ஆதலின் முட்டை வாணிகத்தை நோக்கமாகக்கொண்ட மேனாட்டார், அடைக்குணமில்லாத பேடுகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினர். வெள்ளை லெகோண் கோழி அம்முயற்சியின் பேறு. ஆண்டிற் பெருந்தொகையாக முட்டையிடும் அக்கோழிக்கு அதன்மேல் அமர்ந்து குஞ்சு பொரிக்கும் நாட்டம் பெரும்பாலும் இல்லை. நம் ஊர்க்கோழியோ முட்டை சிலவே யிடினும் தன் குலத்தைத் தானே காக்கவல்லது. எதனை உயர்ந்ததென்பது வளர்ப்போனின் நோக்கத்தைப் பொறுத்தது. மின்சாரப் பொரிப்பியும் ஆலைத்தீனியும் இல்லாத வீட்டுக்கு ஊர்க்கோழியே உற்றது என்பது என் துணிபு.

அடையை விரும்பாதவர் அதனைத் தெளிவிக்க முயல்வதுமுண்டு. கோழியின் மூக்குத்துளையில் இறகைக் கோத்துவிடுதலும், தண்ணீரில் அமிழ்த்துதலும் ஊர்களில் நடந்துவரும் செயல்கள். முன்னது வெறுங்கொடுமை, அதனால் ஆகும் பயன் யாதுமில்லை. மார்பின் அடிப்புறம் வெதுவெதுப்பான இடத்திற் படாதவாறு செய்தலே காரணமறிந்த வழி. அடிப்புறம் கம்பிவலையோ இடைவெளிவிட்ட சலாகையோ உள்ள கூட்டினை நிலத்தினின்று உயர்த்தி வெளிச்சத்தில் வைத்து, தீனும் நீரும் குறைவின்றிக் கொடுத்து மூன்று நான்கு நாள் அதில் விட்டால் அடை தெளியும். அடைக்கிடக்கத் தொடங்கிய முதல் இரண்டொரு நாளிலேயே இதனைச் செய்யின் கோழி விரைவில் மீண்டும் முட்டையிடும்.

இனி அடைவைக்கும் முறையை நோக்குவோம். கோழி மெய்யாகவே அடைகொண்டதா என்பதை அறிய, உதவாத முட்டை இரண்டினை வைத்து இரண்டு இரவு பார்த்தல் வேண்டும். உறுதியாக அமர்ந்திருப்பின் மட்டும் நல்ல முட்டைகளை இடலாம். முட்டைகளைச் சேர்த்துவைக்கும் முறையிலே நம்மவர் பெரிதும் தவறுகின்றனர். கருவின் வளர்ச்சி இருபது பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டிய வெப்பத்திலேயே மெல்லத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் நிழலிலும் வெப்பம் ஏறக்குறைய 28 பாகையில் நிற்கும். அடுக்களையில் இன்னும் மிகும். அங்கே இரண்டு மூன்று கிழமை கிடந்த முட்டையினுள் கரு அரைகுறையாய் வளர்ந்து வலிகுன்றி மடிந்துபோம். ஆதலின் ஒரு கிழமைக்குட்பட்ட முட்டைகளையே அடைக்குக் கொள்ளுதல் வேண்டும். வாயகன்ற மட்பானையில் மணலிட்டு, ஈரத்துணியைச் சுற்றி, குளிர்ந்த மூலையில் வைத்து, கூர்முனை கீழாக முட்டைகளை அடுக்கலாம். அழுக்கேறிய முட்டையைக் கழுவி வைத்தலும் பிழை. ஓட்டின்மேலுள்ள மெல்லிய உறை நீரிற் கரைந்துவிட, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்டுளைகளின் வழியே கிருமிகள் உட்புகும். அழுக்குடைய முட்டை சமையலுக்காகட்டும்.

எத்தனை முட்டை வைப்பது? கோழியின் உடல் எவ்வளவை மூடுமோ அவ்வளவே. நம் ஊர்க்கோழிக்கு ஒன்பது முதற் பதின்மூன்று வரை பொருந்தும். கூடுதலாக வைத்தால் விளிம்பிலுள்ளவை குளிரும். கோழி அவற்றை உட்புறம் உருட்டி, உள்ளிருந்தவற்றை வெளியே தள்ளும். முறைமாறி எல்லாமே குளிர்ந்து கெடும். ஒற்றைப்பட வைக்கவேண்டும் என்றொரு கொள்கை உண்டு. இது நமக்கே உரியதென எண்ணியிருந்தார்க்கு ஒரு செய்தி: கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் வேளாண்மை நூல் யாத்த கொலுமெல்லாவும் முட்டைகள் ஒற்றையெண்ணாய் இருத்தல் வேண்டுமென விதித்துள்ளார். இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. அடைக்கூட்டில் இரும்பாணியோ கரித்துண்டோ காய்ந்த மிளகாயோ இட்டால் இடிமுழக்கத்தால் முட்டை கெடாது என நம் தாய்மார் நம்புகின்றனரல்லவா? உரோம நாட்டாரும் இடிக்கு அஞ்சி இரும்பாணியும் வெள்ளைப்பூண்டும் ஒருவகை மரக்கொம்பரும் கூட்டில் வைத்தனர் என்பதை அதே நூல் கூறுகின்றது. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனரோ, ஒரே அச்சம் ஈரிடத்தும் ஒரே மருந்தைத் தேடிற்றோ என்பதை வரலாறு பயில்வார் ஆராய்க. இடியின் ஒலி முட்டையைக் கெடுப்பதில்லை. இடியோடு வரும் மழையிற் கூரை ஒழுகிக் கூடு நனைதலும், கோழி வெருண்டெழுந்து முட்டை குளிர்தலும் கெடுக்கக்கூடும். ஆணியை வைப்பவர் கூரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வாராயின் குறையில்லை.

பழைய கடகத்திலோ அகன்ற சட்டியிலோ அடியில் ஈரமணலிட்டு, நடுவைச் சிறிது குழித்து, மேலே வைக்கோல் பரப்பினால் கூடு அமைந்துவிடும். குழிவு முட்டைகளை ஒன்றுசேர்க்கும். மணலின் ஈரம் முட்டை அளவுக்குமிஞ்சி உலராமற் காக்கும். கோழிச்செள் அடைக்கோழியின் பெரும்பகை. இரவெல்லாம் குருதியுறிஞ்சும் அச்சிற்றுயிர்கள் பெருகினால், எவ்வளவு உறுதியுள்ள கோழியும் கூட்டைத் துறந்துவிடும். அடைவைக்குமுன் கூட்டை வெயிலிற் காயவைத்துச் சாம்பலும் உலர்ந்த வேப்பிலையும் தூவுதல் நன்று. புகையிலைக் காம்பை இடும் வழக்கமும் நம் தோட்டக்காரரிடம் உண்டு. அதிலுள்ள நிக்கொற்றின் செள்ளைக் கொல்லும் என்பது மெய். குஞ்சுக்கும் அது நஞ்சாதலால் யான் அதனை ஏற்றுக்கொள்ளேன்.

எல்லா முட்டைகளையும் ஒரேநாள் மாலையில் வைத்து, கரிக்கோட்டால் அடையாளமிடுக. வேறு பேடுகள் வந்து அதே கூட்டில் முட்டையிடுவதுண்டு. அடையாளமில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிடல் வேண்டும். அன்றேல், முந்திப் பொரித்த குஞ்சுகளோடு கோழி எழுந்துபோக, பிந்திய முட்டைகள் உயிரோடு குளிர்ந்து சாகும்.

இதன்பின் வளர்ப்போன் கையைக் கட்டிக்கொள்ளவேண்டிய காலம். கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை. முட்டைக்கு வேண்டுவது 37½ அல்லது 38 பாகை. அந்த அளவைக் கோழி தன் இருக்கையை மாற்றியும் உடலைத் தளர்த்தியும் தானே காக்கின்றது. பகலும் இரவும் பன்முறை முட்டைகளை அலகாற் புரட்டுகின்றது. புரட்டாவிடின் கரு சவ்வோடு ஒட்டி மடியும். நாள்தோறும் ஒருமுறை எழுந்து, கால்மணி நேரமளவில் தின்று குடித்து எச்சமிட்டுப் புழுதி குளித்து மீளும். அவ்வேளையில் முட்டை சிறிது குளிர்தல் குற்றமன்று. நெல்லும் நீரும் கூட்டுக்கு அண்மையில் இருந்தாற் போதும். தானாக எழாத கோழியை மட்டும் நாளுக்கொருமுறை மெல்லத் தூக்கி வெளியே விடுக.

இடையில் ஒருமுறை முட்டைகளைச் சோதித்தல் தகும். ஏழாம் நாளிரவு, இருட்டில் ஒரு கைவிளக்கின் ஒளியை முட்டையின் பருத்த முனையிற் பொருத்திப் பார்த்தால், கருவுள்ள முட்டையிற் சிலந்திபோல நடுவே ஒரு புள்ளியும் அதிலிருந்து பரவும் செந்நரம்புகளும் தோன்றும். தெளிந்து காணப்படுவது கருவற்றது. செவ்வளையம் மட்டும் தெரிவது கரு மடிந்தது. இக்காட்சியை மாணவர் ஒருமுறையேனும் காணல் வேண்டும். அரித்தோத்தில் விலங்குகள் பற்றிய தம் நூலின் ஆறாம் பகுதியில், மூன்றாம் நாளில் இதயம் ஒரு குருதித்துளிபோலத் தோன்றித் துடிப்பதை எழுதியுள்ளார். முட்டையை உடைத்து அவர் கண்டதை, கைத்தொலைபேசியின் விளக்கைக்கொண்டு முட்டையை உடைக்காமலே இன்று எம் மாணவர் காண்கின்றனர்.

பத்தொன்பதாம் இருபதாம் நாட்களிற் குஞ்சு முட்டையின் காற்றறைக்குள் அலகை நீட்டி முதன்முறை நுரையீரலால் மூச்சுவிடும். ஓட்டினுள்ளிருந்தே அது கீச்சிடும். தாய் மெல்லிய குரலில் விடைகூறும். அலகின் நுனியிலுள்ள முட்டைப்பல் எனப்படும் சிறு கூரினால் ஓட்டை முதலில் வெடிக்கச் செய்து, பின் அரைநாளோ அதற்கு மேலோ யாதும் செய்யாததுபோற் கிடக்கும். வீட்டார் பொறுமையிழப்பது இங்கேதான். அந்நேரத்திற் குஞ்சு சும்மா இருக்கவில்லை. சவ்விலுள்ள குருதி அதன் உடலுக்குள் மீள்கின்றது. எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றினுள் இழுக்கப்படுகின்றது. இரக்கங்கொண்டு ஓட்டை உரிப்பவர் அக்குருதியை வெளியே ஓடச்செய்கின்றனர். உட்புகுந்த மஞ்சட்கருவே இரண்டு மூன்று நாளுக்கு அதற்கு உணவாதலின், பொரித்தவுடன் தீன் ஊட்டவும் தேவையில்லை. ஈரம் உலர்ந்து தாயின் இறகினுள் அது கிடக்கட்டும்.

கோழி எழுந்து குஞ்சுகளை வெளியே அழைத்துவரும் அந்நாள்தான் வளர்ப்போனின் வேலை தொடங்கும் நாள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. தாயன்பைக் குறித்த அளவில் அது நன்று. தொழிலைக் குறித்த அளவில் முற்றும் நம்பத்தக்கதன்று. வெருண்ட கோழியும் நெருக்கமான கூட்டில் அடைபட்ட கோழியும் குஞ்சை மிதித்துக் கொல்வதுண்டு. எனினும் தாய் கற்பிப்பதை எவ்விதக் கருவியும் கற்பியாது. தீனைக் கண்டதும் அலகால் எடுத்து மீண்டும் கீழே போட்டு ஒருவகைக் குரலால் அழைக்கும்; வானத்திற் பகை தோன்றினால் ஒரு குரல், நிலத்தில் தோன்றினால் வேறொரு குரல் எழுப்பும். குஞ்சுகள் முதல் இரண்டு நாளுக்குள் கண்ட அசையும் பொருளைத் தொடரும் இயல்பினை ஸ்போல்டிங் என்னும் ஆங்கிலேயர் 1873 இல் எழுதினார். பின் 1935 இல் கொன்றாட் லோறன்ஸ் அதனை விரித்து ஆராய்ந்தார். தாயற்ற குஞ்சுகளை வேறொரு கோழியிடம் சேர்ப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். தன் குஞ்சு பொரித்த முதல் இரண்டொரு இரவிலே, இருட்டில், ஒத்த வயதுடைய குஞ்சுகளை இறகின்கீழ் மெல்லச் செலுத்தினாற் கோழி பெரும்பாலும் ஏற்கும். பட்டப்பகலிற் கொண்டுசென்று விட்டாற் கொத்தும்.

தாய் தரமுடியாதவற்றுள் முதலாவது போதிய தீன். அன்னைக்கு முன்னே அரிசியை வீசினால் வலியதே அதிகம் தின்னும். கூடையொன்றைக் கவிழ்த்து, குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளிவிட்டு, அதனுள் குறுணலரிசியும் குரக்கனும் எள்ளுப்பிண்ணாக்கும் சிறிது கருவாட்டுத்தூளும் கலந்துவைத்தல் சாலச் சிறந்த முறை. குஞ்சின் தீனில் ஐந்திலொரு பங்களவு புரதம் வேண்டும். தனியரிசி அதனைத் தராது. ஈரச்சாணமும் வைக்கோலும் அடைத்த பானையைப் புற்றின்மேற் கவிழ்த்துக் கறையான் பிடித்துக் கொடுத்த நம் முன்னோர், புரதம் என்னும் சொல்லை அறியாமலே அதனைக் கொடுத்தனர். நீரை ஆழமற்ற சிரட்டையிற் கூழாங்கல்லிட்டு வைக்க. இல்லையேற் குஞ்சு விழுந்து நனைந்து மடியும்.

இரண்டாவது காவல். பிராந்து, வல்லூறு, காகம், செண்பகம், கீரி, பூனை, பாம்பு எனப் பகைகள் பல. முதல் மூன்று கிழமை தாயையும் குஞ்சுகளையும் வலையிட்ட சிறு அடைப்பில் வைத்து, இரவில் உயர்ந்த திண்ணையிற் கூட்டில் மூடுதலே போதிய காவலாகும். குஞ்சுக்குச் சாயம் பூசிப் பிராந்தை ஏமாற்றுவாருமுளர். நம்பியிருக்கத்தக்க காவல் அதுவன்று.

மூன்றாவது ஈரமும் நோயும். ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாரியிற் பொரிக்கும் குஞ்சுகளைத் தாயின் சிறகும் முழுதாய்க் காவாது. முதற் கிழமைக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகைச் சூடு வேண்டும். பின் கிழமைக்கு மூன்று பாகையாகக் குறைக்கலாம். விளக்குச் சூட்டில் வளர்ப்போர் ஒன்றை அறிக: இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ் ஒளியைத் தரும், சூட்டைத் தராது. பழைய இழைக்குமிழே வேண்டும். குஞ்சுகள் ஒன்றன்மேலொன்று குவிந்தாற் குளிர். விளக்கை விட்டு மூலைக்கு ஓடினால் வெப்பம். வெப்பமானி இல்லாதார்க்கு இதுவே அளவை. நனைந்த எருவிற் குருதிக்கழிச்சலின் வித்துக்கள் முதிருமாதலால், தரை உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. நுளம்பு பரப்பும் அம்மையும், அதனினும் கொடிய இராணிக்கேற்று நோயும் மருந்துக்கு அடங்குவனவல்ல, தடுப்பூசியால் தடுக்கப்படுவன. இராணிக்கேற்றுக்குரிய தடுப்பு மருந்தை முதற் கிழமையளவிற் கண்ணில் துளியாக இட்டு, காலந்தோறும் மீட்டும் கொடுத்தல் வேண்டும். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு அளவானது. திறந்தபின் நெடுநேரம் நில்லாது. பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கார் என்பதே இந்நோய் ஊரூராகப் பரவுவதற்கு ஒரு காரணம். அயலவர் இருபது வீட்டார் ஒருநாளைக் குறித்து, அரச கால்நடை வைத்தியரின் அலுவலகத்தில் கேட்டுக் கூட்டாகச் செய்வாராயின் செலவு மிகச் சிறிது.

இறுதியாக, தாயைப் பிரிக்கும் காலம். இயல்பாக விட்டால் கோழி ஏறக்குறைய பத்துக் கிழமை குஞ்சுகளோடு திரியும். முட்டையிட இருபது நாள், அடைக்கு இருபத்தொன்று, வளர்ப்புக்கு எழுபது, இளைத்த உடல் தேறப் பத்து எனக் கூட்டினால் ஒரு முறைக்கு 121 நாளாகும். ஆண்டுக்கு மூன்று முறையே அமையும். நான்காம் கிழமையிற் பிரித்தால், தேறுதற்குப் பதினான்கு நாள் கொடுத்தும் 83 நாளில் ஒரு முறை முடியும். ஆண்டுக்கு நான்குக்கு மேல் வரும். தீனும் காவலும் மேற்கூறியவாறு கொடுக்கவியலாதவர் இதனைச் செய்யாதிருப்பதே நன்று. மாரியிலும் தைப்பனியிலும் ஆறு கிழமை வரை பொறுக்கலாம். பிரிக்கும்போது குஞ்சுகளை இடம்பெயர்த்தல் ஆகாது. அவை பழகிய கூட்டிலே, பழகிய தீன்சட்டியருகே இருக்க, தாயை மட்டும் இரவில் எடுத்து, குஞ்சின் குரல் கேளாத தொலைவில் அயல்வளவொன்றில் ஒரு கிழமை விடுக. கொண்டை மீண்டும் சிவந்து, அது கேறத் தொடங்கியபின் அழைத்துவரலாம்.